பின்சக்கரத்தில் பதினாலு பல்

வாங்க அம்மணி, உள்ள வாங்க. கேட்டைச் சாத்தீட்டு வாங்க, தெருநாய் பூந்துரும். போன்ல பேசினது நீங்கதானுங்களே? உங்க அண்ணனோ தம்பியோ கூட வருவாங்கன்னு நெனச்சேன். பொம்பளப்புள்ள தனியா சைக்கிள் பாக்க வருவீங்கன்னு நெனைக்கலை. தப்பா எடுத்துக்காதீங்க. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

சைக்கிள் ஷெட்டுக்குள்ள இருக்குது. சித்த இருங்க, எடுக்கலாம். என்ற சம்சாரம் பிசியோதெரபிக்குப் போயிருக்கா, வர இன்னும் நேரமிருக்குது. அவ வர்றதுக்குள்ள நீங்க எடுத்துட்டுப் போயிட்டா நல்லது. ஏன்னு கேக்கறீங்களா? சும்மாதான். இதைப் பாத்தா அவளுக்கு வெசனமா இருக்கும். அதான் துணி போட்டு மூடி வச்சிருக்கேன்.

ஓட்டப்போறது உங்க அண்ணன்தானுங்களே?

நீங்களேதானா. சரி, சரி. அப்படீன்னா ஒண்ணு சொல்லிப்போடறேன், கேட்டுக்குங்க. இது சாதாரண சைக்கிள் இல்லைங்க. மத்த சைக்கிள்ல மிதிக்கறதை நிறுத்தினா சக்கரம் தானா உருண்டு போகும், கால் சும்மா இருக்கும். இதுல அந்த வேலையே கெடையாது. சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்தும். பெடல் சுத்தற வரைக்கும் உங்க காலும் சுத்தியாகோணும். எறக்கமா இருந்தாலும் சரி, நீங்க சலிச்சுப் போனாலும் சரி. தெரியும்கறீங்களா? தெரிஞ்சாலும் கேட்டுக்குங்க. இதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கும் சொன்னேன். ரெண்டு பேர் வந்தாங்க. பாதி கேட்டுட்டுப் போனவங்கதான், திரும்ப வரவே இல்லை.

நான் பெல்ட், புல்லி கடை வச்சிருக்கேனுங்க. தெய்வசிகாமணின்னு சொன்னா நம்ம பக்கத்து மில்லுக்காரங்களுக்கெல்லாம் தெரியும். எந்தப் பெரிய புல்லிக்கு எந்தச் சின்னப் புல்லி போட்டா எத்தனை சுத்து வரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அதனாலதான் இந்த சைக்கிள் மேல ஆசை வந்துதோ என்னமோ. இருங்க, வெளிய தள்ளிட்டு வந்தர்றேன். இங்க பாருங்க, துணியை எடுக்கறேன். முன்னாடி பெடல்கிட்ட இருக்கறது பெரிய சக்கரம், நாப்பத்தாறு பல்லு. பின்னாடி சின்னதா பதினெட்டுப் பல்லுன்னு வச்சுக்குங்க. நாப்பத்தாறைப் பதினெட்டால வகுத்தா ரெண்டரைக்கு மேல கொஞ்சம். அப்படீன்னா நீங்க பெடலை ஒரு முழுச் சுத்து சுத்தினா பின்சக்கரம் ரெண்டரைச் சுத்து சுத்தும். அவ்வளவுதான் கணக்கு. அந்தப் பதினெட்டை எடுத்துட்டுப் பதினாலு போட்டீங்கன்னா மூணே கால் சுத்து. ஒரு மிதிக்கு எச்சுத் தூரம் போவீங்க. ஆனா மிதி கனக்கும். கெளப்பறதுக்கும் கனக்கும், நிறுத்தறதுக்கும் கனக்கும்.

நிறுத்தறதுதாங்க இதுல முக்கியம். பெடலைப் பின்னுக்கு அழுத்தித்தான் வேகத்தைக் கொறைக்கோணும். காலாலயே புடிச்சு நிறுத்தறது. பதினெட்டுல கால் புடிக்கும். பதினாலுல புடிக்காது. சக்கரம் உங்க காலைத் தூக்கிட்டுப் போயிரும்.

இப்ப எது போட்டிருக்குன்னு கேக்கறீங்களா? பதினாலுதானுங்க. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது. நான் தொடலை.

பிரேக்கா? அதைப் பெறகு சொல்றேன். மொதல்ல பல்லைச் சொல்லி முடிச்சர்றேன். பல்லுதான் எல்லாத்துக்கும் காரணம்.

ஞாயித்துக்கிழமை காலையில நாங்க ஒரு குரூப்பா ஓட்டுவோமுங்க. டாக்டர் ஒருத்தர், ரெண்டு மில்லுக்காரங்க, பேங்க்ல இருந்து ஒருத்தர். ஓட்டி முடிச்சுட்டுப் பெரும்பாலும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. சாந்தாமணி எல்லாருக்கும் கம்மங்கூழ் கரைச்சு வச்சிருப்பா. சாந்தாமணிங்கறது என்ற சம்சாரம். மோர்மொளகா வறுத்து வைப்பா. நாங்க இந்த ஷெட்டுக்கு முன்னாடி உக்காந்துட்டுப் பல்லுக் கணக்கையே பேசுவோம். எந்த ரோட்டுக்கு எத்தனை பல்லு, எந்த மேட்டுக்கு எத்தனை பல்லுன்னு. அவ டம்ளர் எடுக்க வர்றப்ப நின்னு கேப்பா.

ஒரு நாள் எல்லார் முன்னாடியும் கேக்கறா. "ஏனுங்க, பின்னாடி சின்னப் பல்லு போட்டா எறக்கத்துல கால் மெதுவாத்தானே சுத்தும்? அப்ப அது சவுகரியம்தானே. பின்ன ஏன் நிறுத்தறது கஷ்டம்கறீங்க?"

நல்ல கேள்விதானுங்க. இப்ப யோசிச்சா நல்ல கேள்வின்னு தெரியுது. கால் மெதுவாத்தான் சுத்தும், ஆனா புடிக்கறதுக்குப் பலம் பத்தாது, அதான் பதில். அன்னைக்கு எனக்குச் சட்டுன்னு சொல்லத் தெரியலை. "உனக்கெதுக்கு இந்த வெசனம், ஊறுகாய் எடுத்துட்டு வா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சுட்டு உள்ள போயிட்டா. சிரிப்புக்குத்தான் சொன்னேன். வீட்டுல அப்படித்தானே பேசிக்கறது.

பெறகு குரூப்புக்குப் புதுசா ஒரு ஐ.டி.காரர் வந்தாருங்க. முப்பது வயசுகூட இருக்காது. என்ற சைக்கிளைக் குனிஞ்சு பாத்துட்டு, "அங்கிள், பதினெட்டா? ஸ்கூல் பசங்க போடறதாச்சே"ன்னாரு. டாக்டர்கூடச் சிரிச்சாரு. அத்தனை வருசம் பழகினவரு. அன்னைக்குச் சாயங்காலமே பதினெட்டைக் கழட்டிப் பதினாலு போட்டேன். சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வச்சுச் செயினைச் சரி பண்ணினேன். இங்க உக்காந்துதான் பண்ணினேன். சாந்தாமணி அந்தக் கொடியில துணி எடுத்துட்டு இருந்தா. என்ன பண்றீங்கன்னு அவ கேக்கலை, நானும் சொல்லலை. எதுக்குச் சொல்லோணும்? என்ற சைக்கிளை நான் மாத்தறேன், அவளுக்கு அதுல என்ன இருக்குது. அப்படித்தானுங்களே நெனைக்கத் தோணும்?

அடுத்த நாள் கடையில இருந்தப்ப ஒரு போன். "அக்கா விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்"னு ஒரு ஆளு. எந்த அக்கான்னேன். "சைக்கிள்ல வருவாங்களே, அந்த அக்கா"ன்னாரு. ராங் நம்பருங்கன்னு சொல்லி வச்சுட்டேன்.

ஆமாங்க, வச்சுட்டேன். கல்லாவுல ஆள் நின்னுட்டு இருந்தாங்க. சைக்கிள்ல போற அக்கா யாரையும் எனக்குத் தெரியாது. திரும்ப போன் வந்துச்சு. இந்தத் தடவை அவளே பேசினா. "நான்தானுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

ரயில்வே பாலத்து எறக்கத்துலங்க. பாலம் எறங்கினா குளத்துக்கரை முக்கு வருமில்ல, அங்க ஒரு டெம்போ ஒடிச்சுத் திரும்பியிருக்கான். இவ காலால புடிச்சுப் பாத்திருக்கா, புடிக்கலை. டெம்போ மேல போய் மோதாம ஓரமா ஒடிச்சு, ஜல்லி கொட்டி வச்சிருந்ததுல விழுந்துட்டா. வலது மணிக்கட்டு நொறுங்கிப்போச்சு. பிளேட் வச்சிருக்காங்க. இடுப்புலயும் அடி. சப்பாத்தி மாவு பெசைய முடியலை இன்னும். டம்ளரை எடுத்தா கை நடுங்குது. நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன். பாத்தா அவளுக்குச் சங்கடமா இருக்கும்ல.

ஆஸ்பத்திரிக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்துட்டாங்க. பொள்ளாச்சியில இருந்து அவ தம்பி தாமோதரன் வந்தான். அக்கான்னா அவனுக்கு உசிரு. வந்ததும் வராததுமா, "என்ன மாமா ஆச்சு?"ன்னு கேட்டான். அத்தனை பேரும் என்ற மூஞ்சியப் பாக்கறாங்க. எனக்கு வாயில வந்தது, "ஓட்டத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டாப்பா. நான் என்ன பண்றது?"

அவ கண்ணை மூடிப் படுத்திருந்தா. தூங்கறான்னு நெனச்சேன். ஊசி போட்டிருந்தாங்க, தூங்கத்தானே செய்வா.

பெறகு அவனே அவளைத் திட்டினான். "இந்த வயசுல உனக்கெதுக்குக்கா இந்த வேலை"ன்னான். இன்னைக்கு வரைக்கும் ஒறம்பரையில அதுதான் பேச்சு. போன மாசம் ஒரு கல்யாணத்துல அவளோட சித்தி எல்லாருக்கும் முன்னாடி, "சாந்தாமணி, மண்டபத்துக்குச் சைக்கிள்லயா வந்தே?"ன்னு கேக்கறாங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் பந்தியில சாம்பார் இருக்குதான்னு பாத்துட்டு இருந்தேன். அவ சிரிக்கலை அம்மணி. அதுதான் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. முன்னெல்லாம் கூடச் சிரிச்சுருவா.

இல்லைங்க, அவளுக்கு ஓட்டத் தெரியும். அதைத்தான் சொல்ல வர்றேன்.

விழுந்த ஒரு வாரம் கழிச்சு, அந்தக் குளத்துக்கரை முக்குல பேக்கரி வச்சிருக்கறவருக்கு நன்றி சொல்லலாம்னு போனேன். போன் பண்ணினது அவருதான். நான் போய் நின்னதும், "அக்கா எப்படி இருக்காங்க? அவங்க இல்லாம காலையில கடையே ஒரு மாதிரி இருக்குதுங்க"ன்னாரு. எனக்குப் புரியலை. "தினமும் வருவாங்களே, நீங்க கடைக்குப் போனதும் கெளம்பி வருவாங்களாம். சைக்கிளை இந்தத் தூண்ல சாத்தி வச்சுட்டு ஒரு டீ, ஒரு தேங்காய் பன். சாப்பிட்டுட்டுத் திரும்பப் பாலம் ஏறிப் போவாங்க"ன்னாரு. எத்தனை நாளான்னேன். தை மாசத்துல இருந்துன்னாரு. அவ விழுந்தது வைகாசிங்க.

அவளுக்குத் தேங்காய் பன் புடிக்கும்னே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வாங்கிட்டு வந்தா, கடைப் பசங்களுக்குக் குடுங்கன்னுருவா.

அந்தாளு இன்னொண்ணும் சொன்னாரு. "இங்க இருந்து பாத்தா பாலம் தெரியுமுங்க. அன்னைக்கு என்னமோ மூச்சு வாங்கித்தான் ஏறி வந்தாங்க. ஆனா எறங்கித் தள்ளலைங்க, ஓட்டித்தான் ஏறினாங்க"ன்னாரு. பதினாலுல அந்தப் பாலம் ஏறியிருக்கா. அது சாமானியம் இல்லைங்க, டாக்டரே எறங்கித் தள்ளுவாரு. நானா? நான் பதினாலுல இன்னும் ஏறிப் பாக்கலை. மொழங்கால் கொஞ்சம் பிரச்சினை. அது இப்ப எதுக்கு.

கை கட்டுப் போட்டிருந்தப்ப நான்தாங்க அவளுக்குத் தலை வாருவேன். சடை போடத் தெரியாது, சும்மா சீவி ரப்பர் பேண்டு போட்டு விடுவேன். அப்ப ஒரு நாள் பின்னாடி நின்னுட்டே கேட்டேன். மூஞ்சியப் பாத்துக் கேக்க முடியலை, பின்னாடி நின்னா கேக்கறதுக்குச் சுலபமா இருந்துச்சு. "மிதிச்சதுமே கனமா இருந்திருக்குமே, எறங்கியிருக்கலாம்ல?"ன்னேன்.

அவ சொன்னா, "தெரிஞ்சுது. எனக்குத்தான் உடம்பு முடியலைன்னு நெனச்சேன். வயசாகுதுன்னு நெனச்சேன்"ன்னா.

சைக்கிள் மேல அவளுக்குச் சந்தேகம் வரலை பாருங்க. நான் சீப்பைக் கையில வச்சுட்டு அப்படியே நின்னேன். பெறகு அவளே சொன்னா. "பிரேக்கையும் காணோம். நீங்க ஏதாச்சும் ரோசனை பண்ணித்தான் எடுத்திருப்பீங்கன்னு இருந்தேன்."

ஆமாங்க அம்மணி, பிரேக். நீங்க துணியை எடுத்ததுமே பாத்துட்டீங்க. முன்னாடி ஒண்ணு இருந்துச்சுங்க. அன்னைக்குப் பல்லு மாத்தினப்பத்தான் கழட்டினேன். அந்த ஐ.டி.காரர் சைக்கிள்ல பிரேக் இல்லை. ஹேண்டில்பாரு சுத்தமா, பாக்க அழகா இருந்துச்சு. கழட்டி இந்த டப்பாவுல போட்டேன், இங்கதான் கெடக்குது. பல்லு மாத்தினதை நான் யாருக்கு வேணும்னாலும் சொல்லுவேன். கணக்கா விளக்கிச் சொல்லுவேன். முன்னாடி வந்தவங்களுக்கும் பல்லை மட்டும்தான் சொன்னேன். பிரேக்கை இன்னைக்குத்தான் சொல்றேன். பதினெட்டா இருந்தா நிறுத்தியிருப்பாங்கறது நெசம். பிரேக் இருந்திருந்தா பதினாலுலயும் நிறுத்தியிருப்பா. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமயா இருக்கும், புல்லி விக்கறவன்.

நான் என்ன ரோசனையும் பண்ணலைங்க. அதை அவகிட்டச் சொல்லோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "சரி, திரும்பு, முன்னாடி முடி விழுதா பாக்கறேன்"னு சொல்லிட்டேன்.

அதான் வித்துப்போடலாம்னு. இது கண்ணு முன்னாடி இருக்கற வரைக்கும் அவளுக்கு அந்த நெனப்பாவே இருக்கும். எனக்குந்தான். நல்ல சைக்கிளுங்க, குறையில்லை. நீங்க எடுத்துட்டுப் போய்ப் பதினெட்டே போட்டுக்குங்க, பிரேக்கும் தந்தர்றேன், நானே மாட்டித் தர்றேன். அவகிட்டச் சொன்னேனான்னு கேக்கறீங்களா? எதுக்குங்க சொல்லி அவளை வெசனப்படுத்தறது. போனதும் தெரிஞ்சுக்குவா. நான் என்ன பண்ணினாலும் ஏதோ ரோசனை பண்ணித்தான் பண்ணுவேன்னு அவளுக்குத் தெரியும்.

என்ன அம்மணி, அங்க பாக்கறீங்க?

ஓ. வந்துட்டியா சாந்தாமணி. சீக்கிரமே முடிஞ்சுருச்சா இன்னைக்கு? இந்த அம்மணி சும்மா, ஒரு பெல்ட் விசயமா...

இல்லை. சைக்கிள் பாக்க வந்தாங்க. எவ்வளவு நேரமா அங்க நிக்கறே? கேட் பக்கத்துல நிக்காம உள்ள வரலாம்ல. வெயில்.

பாருங்க அம்மணி, பேக்கரிக்காரர் பேச்சு வந்ததுல இருந்து கேட்டாளாம். அப்படீன்னா எல்லாமேதான்.

உக்காரு சாந்தாமணி, நின்னா இடுப்பு வலிக்கும். நீங்க எந்திரிக்காதீங்க அம்மணி, நான் உள்ள இருந்து ஸ்டூல் கொண்டு வர்றேன். வேண்டாமா. சரி.

என்ன கேட்டே? திரும்பச் சொல்லு.

கேட்டீங்களா அம்மணி? "நான் விழுந்ததுக்காக விக்கறீங்களா, ஓட்டினதுக்காக விக்கறீங்களா?"ங்கறா. ரெண்டும் ஒண்ணுதானுங்களே? ஓட்டினதாலதானே விழுந்தா. விழுந்தது ஓட்டினதால இல்லைன்னு யாராச்சும் சொல்ல முடியுமா. நீங்களே சொல்லுங்க.

ஏன் ரெண்டு பேருமே அந்தப் பிரேக் டப்பாவைப் பாக்கறீங்க.

சரி. ரெண்டும் ஒண்ணு இல்லை. பேக்கரிக்காரர் சொன்னப்ப, அவ இத்தனை நாளா ஓட்டியிருக்கான்னு தெரிஞ்சப்ப, எனக்கு மொதல்ல வந்தது கோவம்தானுங்க. கை ஒடிஞ்சு கெடக்கறவ மேல கோவம். என்றதை எடுத்துட்டான்னு ஒரு கோவம். அந்தப் பாலத்தை ஏறிட்டாளேன்னு இன்னொரு கோவம். ரோட்டுல நின்னுட்டு அதைத்தான் நெனச்சேன். அவ வலி பெறகுதான் நெனப்புக்கு வந்துச்சு. இதை நான் உன்கிட்டச் சொல்லோணும்னு இல்லை சாந்தாமணி, உனக்குத் தெரிஞ்சே இருக்கும். அன்னைக்குச் சீப்பைப் புடிச்சுட்டு நின்னப்பவே தெரிஞ்சிருக்கும்.

இல்லை, தாமோதரன்கிட்டச் சொல்லலை. சொல்றேன். தீபாவளிக்கு வருவான்ல, அப்ப நேர்ல நிதானமா...

பாக்கெட்டுலதான் இருக்குது போன். இப்பவேவா? இந்த அம்மணியை வச்சுட்டா? சரி. நீங்க கெளம்பாதீங்க அம்மணி, இருங்க. யாராச்சும் ஒருத்தர் இருங்க.

எடுக்க மாட்டேங்கறான். வண்டியில இருப்பானாட்ட இருக்குது. சாயங்காலம் பொழுதோட கூப்பிட்டுக்கலாமா?

சரி, சரி, இன்னொருக்கா போடறேன். அடிக்குது. இரு.

மாப்ள, நான்தான். இல்லை இல்லை, நல்லா இருக்கா, பக்கத்துலதான் நிக்கறா. ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில உன்கிட்டச் சொன்னேனே, அது அப்படி இல்லை. பிரேக்கை நான் கழட்டி வச்சிருந்தேன். கியரும் நான் மாத்தினதுதான். அவகிட்டச் சொல்லலை. ஆமா. நான்தான். இல்லை மாப்ள, மறக்கலை, சொல்லலை.

கேளு. நீ திட்டு, பெறகு திட்டு, மொதல்ல இதைக் கேளு. உங்க அக்காவுக்கு நல்லா ஓட்டத் தெரியும். பாலமெல்லாம் ஏறுவா. எல்லாரும் பாத்திருக்காங்க மாப்ள. நான்தான் பாத்ததில்லை.